புதுடெல்லி என்றொரு நொதி

குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருந்துக்கடையில் அமாக்சிசிலின் சிரப் வாங்கினால், புட்டிக்குள் வெறும் பொடிதான் இருக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். கலக்கிய பிறகு ஒரு வாரத்துக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும், மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்றும் மெரோபெனம் ஊசி மருந்தும் தூளாகத்தான் வருகிறது. அதைக் கரைத்தால் சில மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். தூளாக வருடக்கணக்கில் தாங்குகிற மருந்து தண்ணீர் பட்டதும் ஏன் இப்படி வீணாகிறது? அதை உடைப்பதே தண்ணீர்தான்.

அமாக்சிசிலின், பெனிசிலின், செஃபலோஸ்போரின்கள், மெரோபெனம் எல்லாம் ஒரே குடும்பம். மூன்று கார்பன் அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த சின்னஞ்சிறு நாற்கோண வளையம்தான் குடும்ப அடையாளம். அதற்கு பீட்டா-லாக்டம் வளையம் என்று பெயர். கார்பனும் நைட்ரஜனும் வழக்கமாகப் பிணைகிற கோணங்களுக்கு நாற்கோணம் ஒத்துவராது. அதனால் அந்த வளையம், வளைத்துக் கட்டிய மூங்கிலைப் போல எந்நேரமும் விறைப்பில் இருக்கிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறு சரியான இடத்தில், சரியான கோணத்தில், போதிய வேகத்தோடு வந்து மோதினால் பிணைப்பு ஒன்று அறுந்து வளையம் திறந்துகொள்ளும். பள்ளிப் பாடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். வளையம் திறந்துபோன மருந்து கிருமியை ஒன்றும் செய்யாது.

புட்டிக்குள் தண்ணீர் மூலக்கூறுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சிரப் ஒரு வாரம் தாங்குகிறது. மோதல்களில் மிகப் பெரும்பாலானவை பலவீனமானவை என்பதே காரணம். பிணைப்பு அறுவதற்குமுன் கடக்க வேண்டிய ஆற்றல் மேடு ஒன்று இருக்கிறது, அதைக் கிளர்வு ஆற்றல் என்பார்கள். நொதி செய்வதெல்லாம் அந்த மேட்டைத் தணிப்பது மட்டும்தான். இயற்கையில் நடக்கவே நடக்காத ஒன்றை அது நடத்திக்காட்டுவதில்லை. எப்படியும் நடக்கப்போவதை விரைவுபடுத்துகிறது, வேலை முடிந்ததும் தான் மாறாமல் அடுத்த மூலக்கூறைப் பிடிக்கிறது. புட்டியில் நாள்கணக்கில் நடப்பது நொதியின் மடியில் நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது.

மெரோபெனம் உள்ளிட்ட கார்பபெனம் மருந்துகளை, அதாவது மற்றவை கைவிட்ட பிறகு மருத்துவர்கள் எடுக்கிற மருந்துகளை, இப்படி உடைக்கிற நொதி ஒன்றுக்கு நம் தலைநகரின் பெயர் இருக்கிறது. புதுடெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ். சுருக்கமாக என்டிஎம்-1.

இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஸ்வீடன்வாசி ஒருவர் 2007-ன் கடைசியில் இந்தியா வந்திருந்தபோது உடல்நலம் குன்றி, புதுடெல்லியில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2008 ஜனவரியில் அவர் ஸ்வீடன் திரும்பிய பிறகு எடுத்த சிறுநீர் மாதிரியில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்தது. கார்பபெனம்கள் அதை அசைக்கவில்லை. அதற்கான மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அதுவரை அறிந்திருந்த எந்த நொதியோடும் நெருங்காத புதிய ஒன்று தென்பட்டது. மிக நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க விம் வகை நொதிகளோடுகூட அதன் அமினோ அமில வரிசை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பொருந்தியது. அதே நோயாளியின் குடலில் வாழ்ந்த ஈ.கோலையிலும் அதே மரபணு இருந்தது. 2009 டிசம்பரில் வெளிவந்த கட்டுரை அதற்கு டெல்லியின் பெயரைச் சூட்டியது.

இந்தத் துறையில் ஊர்ப்பெயர் வைப்பது பழைய வழக்கம். விம் என்பதன் முதல் எழுத்து இத்தாலியின் வெரோனா. பிரேசிலின் சாவோ பாவ்லோ, தென்கொரியாவின் சியோல், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு எல்லாவற்றின் பெயரிலும் நொதிகள் உண்டு. அந்த ஊர்களில் யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை. இங்கே விஷயம் வேறு மாதிரிப் போனது. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் இரண்டாவது கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று இந்த நொதியைச் சுமந்த பாக்டீரியாக்களின் கணக்கைக் கட்டுரை சொன்னது. இந்தியாவுக்குச் சிகிச்சைக்காக வருகிறவர்களைப் பற்றியும் எச்சரித்தது. மருத்துவச் சுற்றுலா வருமானத்தை நம்பியிருந்த நாட்டில் இது பற்றிக்கொண்டது. மத்திய சுகாதார அமைச்சகம் கண்டித்தது, நாடாளுமன்றத்தில் குரல்கள் எழுந்தன, சதி என்றார்கள். 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹோர்ட்டன் டெல்லிக்கு வந்து, அந்தப் பெயரை வெளியிட்டது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். பெயர் என்னவோ மாறவில்லை. முதலில் கண்டறியப்பட்ட நோயாளி மட்டும் சென்னை வழியாகப் போயிருந்தால், அந்த 44-ஐ வைத்துப் பார்க்கும்போது, இந்த அத்தியாயத்தின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

பெயர்ச் சண்டை நியாயமா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த நோயாளி வருவதற்கு முன்பே, 2006-ல் இந்திய மருத்துவமனைகளில் சேகரித்து உறைபெட்டியில் வைத்திருந்த பாக்டீரியாக்களிலும் இந்த மரபணு இருந்தது பிற்பாடு தெரியவந்தது. ஸ்வீடன் நோயாளி அதைக் கண்டுபிடிக்க உதவினார், அவ்வளவுதான். என் மனக்குறை வேறு. பெயரைப் பற்றிப் பேசியதில் கால்வாசிகூட, இந்த நொதி எந்தச் சூழலில் பலம் பெறுகிறது, எந்தச் சூழலில் தடுமாறுகிறது என்று நாம் பேசவில்லை. ஒரு நொதியின் வலிமை அதன் அமினோ அமில வரிசையில் மட்டும் எழுதப்பட்டிருப்பதில்லை. பக்கத்தில் என்ன உலோகம் கிடைக்கிறது, செல்லுக்குள் எந்த மூலையில் நிற்கிறது, அங்கே மருந்து எவ்வளவு வந்து சேர்கிறது என்பதிலெல்லாம் அது அடங்கியிருக்கிறது. டெல்லியின் பெயரைத் தாங்கிய இந்த நொதியைப்போல அதைத் தெளிவாகக் காட்டும் இன்னொன்று கிடைப்பது அரிது.

மருந்து எதைத் தாக்குகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பாக்டீரியாவுக்கு வெளிச்சுவர் உண்டு. சர்க்கரைச் சங்கிலிகளைக் குட்டையான அமினோ அமிலத் துண்டுகள் குறுக்கே பிணைத்திருக்கும் வலை அது. அந்தக் குறுக்குப் பிணைப்பைப் போடுவது ஒரு நொதி. செல் வளர வளர அது ஓயாமல் பிணைத்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடித்துவிடும். அந்த நொதியின் செயல்மையத்தில் செரின் என்ற அமினோ அமிலம் கொக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வலைத்துண்டின் நுனி வந்ததும் பிடிக்கும், அடுத்த துண்டோடு இணைக்கும், விட்டுவிடும். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் அந்த நுனியைப் போலவே வடிவம் கொண்டவை. செரின் ஏமாந்து பிடிக்கிறது, பீட்டா-லாக்டம் வளையம் திறக்கிறது, ஆனால் திறந்த மருந்து விலகாமல் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. நொதி செயலற்றுப்போகிறது. பெனிசிலின் என்பதே ஒரு நொதித் தடுப்பான்தான்.

பாக்டீரியாவின் பதிலடியும் நொதிதான். ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் பெனிசிலினை அழிக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருப்பதாக 1940 டிசம்பரில் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதே ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் முதல் நோயாளிக்கு ஏற்றப்பட்டது 1941 பிப்ரவரியில். மருந்து படுக்கைக்கு வரும் முன்பே எதிர்ப்பு ஆய்வகத்தில் தெரிந்துவிட்டது! அந்தப் பழைய வகை பீட்டா-லாக்டமேஸ்கள் சுவர் கட்டும் நொதியின் உறவினர்கள். அதே செரின் கொக்கி இவற்றிலும் உண்டு. ஒரே வித்தியாசம், ஒட்டிக்கொண்ட மருந்தை விடுவிக்க ஒரு தண்ணீர் மூலக்கூறைச் சரியான இடத்தில் இவை நிறுத்திவைத்திருக்கின்றன. மருந்து வரும், ஒட்டும், உடைந்து விலகும், அடுத்தது வரும். இவற்றில் தேர்ந்த ஒன்று நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெனிசிலின் மூலக்கூறுகளை உடைக்கும்.

என்டிஎம்-1 இந்தப் பரம்பரை அல்ல. 270 அமினோ அமிலங்களாகக் கோக்கப்படும் இந்தப் புரதத்தில் செரின் கொக்கிக்கு வேலையே இல்லை. அதன் செயல்மையத்தில் இரண்டு துத்தநாக அயனிகள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. முதல் அயனியை மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன. இரண்டாவதை ஓர் ஆஸ்பார்டிக் அமிலம், ஒரு சிஸ்டீன், ஒரு ஹிஸ்டிடின். இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு மாட்டிக்கொள்கிறது. துத்தநாகம் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் அந்தத் தண்ணீர் ஒரு புரோட்டானை எளிதில் இழந்து ஹைட்ராக்சைடாகிறது. வெறும் தண்ணீர் தயங்கித் தயங்கி மோதும் இடத்தில், ஹைட்ராக்சைடு மருந்தின் கார்பன் மேல் நேரடியாகப் பாய்கிறது. வளையம் அறுந்ததும் தனித்து நிற்கும் நைட்ரஜனை இரண்டாவது துத்தநாகம் தாங்கிக்கொள்கிறது. மேடு தணிவது இப்படித்தான். நம் சிவப்பணுக்களில் கார்பன் டைஆக்சைடைக் கரைக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸும் துத்தநாகத்தை வைத்து இதே வித்தையைத்தான் செய்கிறது, நொடிக்கு லட்சக்கணக்கான முறை. அந்த வேகத்தின் முன் என்டிஎம்-1 மந்தம்தான். மெரோபெனத்தை அது நொடிக்குச் சில பத்துகள் என்ற கணக்கில் உடைக்கிறது. பாக்டீரியாவுக்கு அது போதும்.

ஏன் போதும் என்பதில் நொதிகளைப் பற்றிய முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. மைக்கேலிஸும் மென்டனும் 1913-ல் எழுதிய சமன்பாடு அது. மருந்தின் அடர்வு கூடக்கூட நொதியின் வேகம் கூடும். ஒரு கட்டத்தில் எல்லா நொதி மூலக்கூறுகளும் கைநிறைய வேலையோடு இருக்கும், அதற்குமேல் மருந்தைக் கொட்டினாலும் வேகம் ஏறாது. ஆனால் பாக்டீரியாவுக்குள் மருந்து அப்படிக் குவிவதில்லை. வெளிச்சவ்வில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நுழைகிறது. அங்கே உச்ச வேகத்தால் பயனில்லை, கிடைக்கிற சொற்பத்தை நழுவவிடாமல் பிடிக்கும் திறமைதான் உயிரைக் காக்கும். சில பாக்டீரியாக்கள் அந்தத் துளைப் புரதங்களைக் குறைத்துக்கொள்கின்றன. உள்ளே வருவது இன்னும் சொட்டுச் சொட்டாகும்போது சுமாரான நொதிகூட எல்லாவற்றையும் தீர்த்துவிடும். நொதியைத் தனியே பிரித்துச் சோதனைக் குழாயில் அளந்தால் இந்தக் கூட்டணி தெரியாது.

துத்தநாகம் இல்லையென்றால் என்டிஎம்-1 வெறும் புரதச் சுருள். அதைக் கண்ணால் பார்க்க நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் மலிவான ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு குழாய்களில் 2 மில்லிலிட்டர் ஊட்டக் குழம்பு எடுத்துக்கொள்கிறார்கள். நோயாளியிடமிருந்து வளர்த்த பாக்டீரியாவைக் கம்பி வளையத்தின் நுனியில் தொட்டு இரண்டிலும் கலக்கிறார்கள். ஒரு குழாயில் மட்டும் 20 மைக்ரோலிட்டர் இடிடிஏ கரைசல் சேர்க்கிறார்கள். பிறகு 10 மைக்ரோகிராம் மெரோபெனம் ஊறிய காகித வில்லை குழாய்க்கு ஒன்று. 35 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்திருந்து வில்லைகளை எடுத்து, மெரோபெனத்துக்கு எளிதில் அடங்கும் சாதுவான ஈ.கோலை பூசிய அகார் தட்டின்மேல் வைக்கிறார்கள். மறுநாள் காலையில் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் கதை தெரிந்துவிடும். இடிடிஏ இல்லாத குழாயிலிருந்து வந்த 6 மில்லிமீட்டர் வில்லையின் விளிம்பு வரை ஈ.கோலை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். வில்லையில் மருந்தே மிச்சமில்லை. இடிடிஏ குழாயின் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். வட்டத்தின் விட்டம் மற்றதைவிட 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால், மருந்தை உடைத்தது உலோகம் வைத்திருக்கும் நொதி என்று எழுதிக்கொள்வார்கள்.

இடிடிஏ உலோக அயனிகளைக் கவ்விக்கொள்ளும் பொருள். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் பிடிக்கிறார்களே, அதன் உள்சுவரில் பூசியிருப்பதும் இதுதான். அங்கே அது கால்சியத்தைக் கவ்வுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் நொதிகள் கால்சியம் இல்லாமல் முடங்க, ரத்தம் திரவமாகவே நிற்கிறது. இரண்டு இடத்திலும் நொதியை யாரும் தொடவில்லை. அதன் துணைக்காரணியைப் பிடுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நம் உடலுக்கும் இந்தத் தந்திரம் தெரியும். தொற்று ஏற்பட்ட இடத்துக்கு ஓடிவரும் வெள்ளையணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரதத்தைக் கொட்டுகின்றன. அது சுற்றியிருக்கும் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் இறுகப் பற்றிக்கொள்கிறது. ரத்தத்தில் உள்ள துத்தநாகமும் பெரும்பாலும் புரதங்களோடு ஒட்டியே இருக்கிறது, தனி அயனியாகக் கிடைப்பது மிகச் சொற்பம். கிருமிகளுக்கு இது உலோகப் பஞ்சம். ஆய்வகத்தில் மருந்துச் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஊட்டத்தில் துத்தநாகம் தாராளமாக இருக்கும், உடலுக்குள் இருக்காது. என்டிஎம் சுமக்கும் பாக்டீரியா தொற்றிய எலிகளில் மெரோபெனம், தட்டுச் சோதனை சொன்னதைவிட நன்றாகவே வேலை செய்ததற்கு இதுவே காரணம் என்று சிலர் காட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்டு எந்த மருத்துவரும் தட்டுச் சோதனையை ஒதுக்கிவைக்க மாட்டார், ஒதுக்கவும் கூடாது. ஆனால் ஒரே நொதி இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது என்பது உண்மை.

பஞ்சத்தில் என்டிஎம்-1 எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் எனக்குப் பிடித்த பகுதி. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவற்றுக்கு இரண்டு சவ்வுகள். நடுவில் குறுகலான இடைவெளி. மருந்து சுவரை நோக்கி வரும் பாதை அதுதான். நொதி உட்புறத்தில் மடிக்கப்படாத நாடாவாக உருவாகி, உட்சவ்வைக் கடந்து அந்த இடைவெளிக்கு வந்த பிறகே மடிந்து துத்தநாகத்தை ஏற்கிறது. துத்தநாகம் கிடைக்காத நொதி நெகிழ்ந்து தளர்ந்து நிற்கும். தளர்ந்த புரதங்களை வெட்டித் தின்னவே செல் வேறு நொதிகளை அங்கே வைத்திருக்கிறது. இடைவெளியில் மிதந்து திரியும் விம், இம்ப் போன்ற பழைய உலோக நொதிகளுக்குத் துத்தநாகப் பஞ்சத்தில் இந்தக் கதிதான். என்டிஎம்-1 மிதப்பதில்லை. அதன் முனையில் உள்ள ஒரு சிஸ்டீனில் கொழுப்பு வால் ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்த வாலால் வெளிச்சவ்வின் உட்பக்கத்தில் தன்னை நங்கூரமிட்டுக்கொள்கிறது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் அலெஹாந்த்ரோ விலாவின் குழு 2016-ல் இதைக் காட்டியது. நங்கூரமிட்ட நொதி உலோகம் இல்லாத நேரத்திலும் சிதையாமல் தாக்குப்பிடித்தது. வாலை நீக்கிவிட்டு மிதக்கவிட்டபோது மற்றவற்றைப்போல அழிந்தது. வெளிச்சவ்வு அவ்வப்போது குமிழ்களாகப் பிதுங்கி உதிர்வதுண்டு. நங்கூரமிட்ட நொதியும் அந்தக் குமிழ்களோடு வெளியேறி, பக்கத்தில் இருக்கும், எதிர்ப்பே இல்லாத பாக்டீரியாக்களையும் மருந்திலிருந்து காப்பாற்றுகிறது.

முதல் வடிவம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பல மாற்று வடிவங்கள் தலைகாட்டின. என்டிஎம்-4, என்டிஎம்-5 உள்ளிட்ட பலவற்றில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வருகிறது. 154-ஆம் இடத்தில் மெதியோனின் போய் லூசின். துத்தநாகம் தாராளமாக உள்ள இடத்தில் பழையதற்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. துத்தநாகத்தைக் குறைத்துப் பார்த்தால் புதியது உலோகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. பரிணாமம் இங்கே நொதியின் வேகத்தைக் கூட்டுவதில் அக்கறை காட்டவில்லை. பஞ்சத்தைத் தாங்கும் திறனைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. நம் வெள்ளையணுக்கள் கொடுத்த நெருக்கடியும் அந்தத் தேர்வுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அமிலத்தன்மை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமிலம் ஏறினால் ஹிஸ்டிடின்கள் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு துத்தநாகத்தைக் கைவிடும், அதனால் நடுநிலையை ஒட்டிய சூழலில்தான் இந்த நொதி செழிக்கிறது. எவ்வளவு நொதி உற்பத்தியாகிறது என்பது இன்னொரு கேள்வி. அதன் மரபணுவுக்கு முன்னால் இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று நிற்கிறது. உற்பத்தியை முடுக்கும் சாவி அதில் இருக்கிறது. நொதியின் முன்முனையில் உள்ள ஆறு அமினோ அமிலங்கள்கூட வேறொரு எதிர்ப்பு மரபணுவிலிருந்து வந்து ஒட்டியவை. அசினெட்டோபாக்டர் என்ற மருத்துவமனைக் கிருமிக்குள் இந்த ஒட்டு நடந்திருக்க வேண்டும்.

வெப்பத்துக்கு வருவோம். டெல்லியைப் பற்றிப் பேசிவிட்டு வெயிலை விடமுடியுமா? சூடு ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக மோதும், நொதியின் வேலையும் விரையும். ஒரு அளவுக்குமேல் போனால் புரதத்தின் மடிப்புகள் குலைந்து வேலை நின்றுவிடும். உலோகத்தைப் பிடித்திருக்கும் என்டிஎம்-1 உலோகம் இல்லாததைவிட நன்றாகவே சூடு தாங்குகிறது. ஆனால் டெல்லியின் வெப்பம் முக்கியமானது வேறு ஒரு காரணத்தால். 2010 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை, நகரம் காமன்வெல்த் போட்டிகளின் பரபரப்பில் இருந்த நாட்களில், நகர மையத்திலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் 50 குழாய்நீர் மாதிரிகளும், தெருவோரம் தேங்கியும் கசிந்தும் கிடந்த நீரிலிருந்து 171 மாதிரிகளும் எடுக்கப்பட்டு பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. குழாய்நீரில் 2 மாதிரிகளிலும் தேங்குநீரில் 51 மாதிரிகளிலும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லா, காலரா தரும் விப்ரியோ உட்பட 11 புதிய இனங்களில் அது குடியேறியிருந்தது. கார்டிஃப் நகரக் கழிவுநீரில் ஒப்பீட்டுக்காக எடுத்த 70 மாதிரிகளில் ஒன்றிலும் இல்லை.

அந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் பயணம் செய்கிறது. ஒரு பாக்டீரியா இன்னொன்றைத் தொட்டு, பிளாஸ்மிட்டின் ஓர் இழையைக் கடத்திவிடும். இழையைச் சரியான இடத்தில் வெட்டி முனையைப் பிடித்து அனுப்புவதும் ஒரு நொதிதான். டெல்லி நீரில் கிடைத்த பாக்டீரியாக்களில் இந்தக் கைமாற்றத்தைக் கார்டிஃப் குழு 25, 30, 37 டிகிரிகளில் சோதித்தது. உடல் வெப்பமான 37-ஐவிட 30-ல்தான் அதிகம் நடந்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை டெல்லியின் பகல்நேர வெப்பம் அந்த 30-ஐத் தொடாமல் இருப்பதில்லை. நோயாளியின் குடலைவிட, கழிவு கலந்த வெதுவெதுப்பான சாக்கடை நீர் இந்த மரபணு ஊர்சுற்ற வசதியான இடமாக இருந்திருக்கிறது. அதிகாரிகளின் பதில், குடிநீர் பாதுகாப்பாகவே இருக்கிறது என்பது. மாதிரிகளை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோனார்களா என்பதில் விவாதம் சூடாக நடந்தது. கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் எங்கே உரசிக்கொள்கின்றன என்பதில் அந்தச் சூடு இல்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள், தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று நடத்த, ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுக்குள் கொண்டுவரச் சென்னைப் பிரகடனம் என்ற திட்டத்தை வகுத்தன. 2014 மார்ச் 1 முதல் கார்பபெனம்கள் உட்பட 24 ஆன்டிபயாடிக்குகள் எச்-1 பட்டியலுக்குள் வந்தன. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைக் குறித்துவைக்க வேண்டும். மருந்து புழங்கும் இடத்தில்தான் இந்த நொதியைச் சுமப்பது பாக்டீரியாவுக்கு லாபம். ஆனால் கடையில் கேட்டதும் கொடுத்துவிடும் பழக்கம் பட்டியல் போட்டதும் மறைந்துவிடவில்லை என்பது வாசகர்களுக்கே தெரியும்.

நொதியைத் தடுக்க முடியாதா? பழைய செரின் வகைக்குத் தடுப்பான்கள் நிறைய உண்டு. அமாக்சிசிலினோடு சேர்ந்து வரும் கிளாவுலானிக் அமிலம் எல்லாருக்கும் தெரிந்தது. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் உருவான என்மெட்டாசோபாக்டம், செஃபெபிமோடு சேர்த்துப் பயன்படுத்த 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் கண்டுபிடித்த மூலக்கூறு ஒன்று அந்த இடத்துக்குப் போனது பெரிய விஷயம். ஆனால் இவையெல்லாம் செரின் கொக்கியில் மாட்டிக்கொண்டு வேலை செய்பவை. கொக்கியே இல்லாத என்டிஎம்-1-ஐ இவை தொடுவதில்லை. அப்படியானால் துத்தநாகத்தையே பிடுங்கிவிடலாமே? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் ரைட்டின் குழு, நோவா ஸ்கோஷியா மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து அஸ்பெர்ஜில்லோமராஸ்மின்-ஏ என்ற பொருளைப் பிரித்தெடுத்து 2014-ல் அறிவித்தது. அது என்டிஎம்-1-இலிருந்து துத்தநாகத்தைப் பறிக்கிறது. மெரோபெனத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது தொற்றிய எலிகள் பிழைத்தன. ரத்த அழுத்த மாத்திரையான கேப்டோப்ரில்கூட ஆய்வகத்தில் இந்த நொதியின் துத்தநாகங்களோடு ஒட்டிக்கொள்கிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் நம் உடல் நொதியும் துத்தநாக நொதிதான் என்பதால் வந்த ஒற்றுமை அது. சிக்கலும் அங்கேதான். நம் செல்களில் துத்தநாகம் இல்லாமல் இயங்காத நொதிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுக் கிருமியினுடையதை மட்டும் பறிக்கும் பொருளை மருந்தாக்குவது லேசான காரியமில்லை.

இப்போதைக்கு மருத்துவர்கள் வேறு ஒரு வழியைப் பிடித்திருக்கிறார்கள். என்டிஎம்-1-இன் செயல்மையம் அகலமான பள்ளம். பெனிசிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனம் எல்லாம் அதில் பொருந்திவிடும். அஸ்ட்ரியோனம் என்ற மருந்து மட்டும் சரியாகப் பொருந்துவதில்லை, உடையாமல் தப்புகிறது. ஆனால் என்டிஎம் சுமக்கும் பாக்டீரியா பெரும்பாலும் செரின் வகை நொதிகளையும் சேர்த்தே சுமக்கும், அவை அஸ்ட்ரியோனத்தை உடைத்துவிடும். அவற்றைத் தடுக்க அவிபாக்டம். இரண்டும் சேர்ந்த மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் அனுமதி தந்தது. இந்தியாவில் மருத்துவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, தனித்தனியாகக் கிடைத்த மருந்துகளை ஒரே நேரத்தில் ஏற்றி இந்தக் கூட்டைப் பயன்படுத்தி வருகிறார்கள். இந்திய மருத்துவமனைகளிலிருந்து பிரித்தெடுத்த, என்டிஎம் சுமக்கும் ஈ.கோலைகளில் இதற்கும் மாற்று வழி தயாராகிவிட்டது. அஸ்ட்ரியோனம் தாக்கும் சுவர் கட்டும் நொதியில், செயல்மையத்துக்குப் பக்கத்தில், நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கின்றன. சுவர் கட்டும் வேலை நிற்காமல் நடக்கிறது. அஸ்ட்ரியோனம் மட்டும் முன்போல ஒட்டுவதில்லை.